வெட்டிப் பார்த்து வாங்கிய மோதிரம்

அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவளைக் ‘கத்தரி’ என்று சொன்னால்தான் தெரியும். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரை அங்கே யாரும் வாயால் சொன்னதில்லை. புதிதாக வந்த டாக்டர் ஒருவர், இந்த நர்ஸ் வீட்டில் காய்கறித் தோட்டம் இருக்கிறது போல என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் தன் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொண்டார். விரல் வீங்கி, மோதிரம் கழற்ற வராமல் யார் வந்து நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

எடுத்த எடுப்பில் வெட்டிவிட மாட்டாள். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்வாள். குளிர்ந்த நீர், பிறகு சோப்பு. அதற்கும் மசியாவிட்டால் நூல். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மறுமுனையை விரலைச் சுற்றி மூட்டு தாண்டும்வரை நெருக்கி நெருக்கிச் சுற்றுவாள். அடியில் நுழைத்த முனையைப் பிடித்து மெல்லப் பிரித்துக்கொண்டே வந்தால், மோதிரம் நூல்மேல் ஏறி நகர்ந்து வெளியே வந்துவிடும். பாதிப்பேர் இதிலேயே தப்பித்துவிடுவார்கள். மீதிப்பேருக்குத்தான் அந்தச் சின்னக் கருவி. மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே நுழைய மெல்லிய தகடு ஒன்று, அதற்கு மேலே பொத்தான் அளவில் ஒரு பல்சக்கரம், அதைத் திருக ஒரு சாவி. வெள்ளி அரை நிமிடம். தங்கம் ஒரு நிமிடம். எஃகு என்றால் அவள் கட்டைவிரல் வலிக்கும்.

வலியில் வந்தவர்கள் விரலுக்காக அழுததை விட மோதிரத்துக்காக அழுததுதான் அதிகம். வெட்டிய துண்டுகளைச் சின்ன உறையில் போட்டு, பெயரெழுதி, “ஒட்டிக்கலாம், கவலைப்படாதீங்க” என்று கொடுப்பாள். பதினோரு வருடம் இதையே செய்தவளுக்குத் தன் விரலில் ஒன்றைப் போட்டுக்கொள்ளும் ஆசையே வராமல் போனதில் ஆச்சரியம் இல்லை. முப்பத்து நாலு வயதாகியும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே நழுவிவிடுவாள். அவளை வளர்த்து ஆளாக்கிய அக்கா சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து, இரண்டு வருடமாகப் பேச்சை எடுக்காமலே இருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மதிய நேரம், விரலில் பெரிய இரும்பு நட்டு மாட்டிக்கொண்டு ஒரு ஆள் வந்து சேர்ந்தார். லிஃப்ட் மெக்கானிக். பார்க்க வாட்டசாட்டமாக இருந்தார். முகத்தில் மட்டும் மிட்டாய் திருடி மாட்டிக்கொண்ட பாவம்.

“இத ஏன் போட்டீங்க?”

“சும்மாதான் சிஸ்டர். சரியா இருக்குமான்னு பாத்தேன்.”

“இருந்துச்சா?”

“ரொம்பச் சரியா இருந்துச்சு.”

அந்தக் கனத்துக்கு அவள் சக்கரம் ஏறாது. நூலைத்தான் நம்ப வேண்டும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லிஃப்ட் கதவு ஏன் இடையில் மாட்டிக்கொள்கிறது, கயிறு அறுந்தாலும் பெட்டி ஏன் விழாது, பொத்தானை ஏழு தடவை அமுக்குகிறவர்களுக்கும் ஒரு தடவை அமுக்குகிறவர்களுக்கும் அது ஒரே வேகத்தில்தான் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி விஷயத்தைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள். அவளும் ஏழு தடவை அமுக்குகிற ரகம்.

அடுத்த மாதம் அந்த மருத்துவமனையின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் வேலை அவருடைய கம்பெனிக்குப் போனது. அதன் பிறகு அவசரப் பிரிவுக்குப் பக்கத்து லிஃப்ட் மட்டும் அடிக்கடி பரிசோதனைக்கு உள்ளாயிற்று. அவ்வளவு நன்றாக ஓடும் லிஃப்டுக்கு இத்தனை பரிசோதனை எதற்கு என்று காவலாளிக்குக்கூட விளங்கிவிட்டது. சம்பந்தப்பட்ட இரண்டு பேர்தான் விளங்காத மாதிரி நடந்துகொண்டார்கள். ஒருநாள் நாலாம் மாடிக்குப் போக அவள் உள்ளே ஏற, அவரும் கருவிப் பையோடு ஏறினார்.

“சாப்பிட்டாச்சா சிஸ்டர்?”

“இனிமே என்னை சிஸ்டர்னு கூப்பிடாதீங்க.”

“தப்பா எதாவது சொல்லிட்டேனா?”

“தப்பா ஒண்ணும் சொல்லல. அந்த வார்த்தை மட்டும் வேணாம்.”

இரண்டு மாடி வரை அவர் அந்த வார்த்தையையே யோசித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது மாடி தாண்டும்போது அவருக்குப் புரிந்தது. நாலாம் மாடியில் கதவு திறந்தபோது இரண்டு பேருமே இறங்க மறந்துபோய் நின்றுகொண்டிருந்தார்கள்.

செய்தி கேட்ட அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறவள், எதையும் அளவெடுத்துத்தான் பேசுவாள். அன்றைக்கு அளவெல்லாம் பறந்துவிட்டது. தேதி, கூடம், சாப்பாடு என்று ஒரே மூச்சில் போட்டு முடித்தவள், மோதிரத்தில் வந்து நின்றாள்.

“தங்கம். நடுவுல ஒரு கல்லு. ரெண்டு பேருக்கும்.”

“அக்கா, நான் ஒரு நாளைக்கு அறுபது தடவை கை கழுவுறேன். கல்லுக்கு அடியில அழுக்கு சேரும். கையுறை கிழியும். அவர் கரண்டுலயும் சக்கரத்துலயும் கை வைக்கிறவர். இரும்பு, தங்கம் எதுவும் போட்டுக்கிட்டு அவர் வேலைக்குப் போகக் கூடாது.”

“கழட்டி வச்சிட்டுப் போகச் சொல்லு.”

“கழட்டி வைக்கிறதுன்னா அவ்வளவு விலையில எதுக்கு?”

அக்கா தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். “பத்தொம்பது வருஷம். ஒரு தடவை கழட்டினதில்ல. அதுக்குப் பேருதான் மோதிரம்.”

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அத்தான், சண்டை வரும்போதெல்லாம் சொல்வதையே அன்றும் சொன்னார். “பிரேக் போடுங்க ரெண்டு பேரும்.”

பிரேக் போட்ட இடத்திலேயே விஷயம் நின்றது. உங்கள் இஷ்டப்படி எதையாவது வாங்கித் தொலையுங்கள், வந்தவர்கள் முன்னால் எனக்குத் தலைக்குனிவு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் ஒரு கடையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். தபால் நிலையத்துக்குப் பின்னால், மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் சாவி செய்கிற இடத்துக்கும் நடுவில், ஒரு ஆள் குறுக்கே படுத்தால் நிறைந்துவிடும் அகலத்தில் இருந்தது. அங்கே தங்கம் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. மரம், வெள்ளி, எஃகு, டைட்டானியம், கறுப்பாக மின்னும் டங்ஸ்டன், ரப்பர் போல வளையும் சிலிக்கோன் எல்லாம் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. கடைக்காரம்மா ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியபடி ஏதோ ராவிக்கொண்டிருந்தாள்.

“எந்த மாதிரி பாக்கறீங்க?”

கத்தரி கைப்பையைத் திறந்து, மருத்துவமனை கழித்துவிட்ட தன் பழைய வெட்டுக் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். “இதால வெட்ட வர்ற மாதிரி.”

கடைக்காரம்மா பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். “எல்லாரும் போட்டுப் பாத்து வாங்குவாங்க. வெட்டிப் பாத்து வாங்க வந்தவங்கள இப்பத்தான் பாக்கறேன்.”

“கோவிச்சுக்காதீங்க. வேலை அப்படி.”

எந்த விரலிலிருந்து எதை எப்படி வெட்டியிருக்கிறாள் என்று அவள் சொல்லச் சொல்ல, கடைக்காரம்மாவுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. உள்ளே போய் விற்காத மோதிரங்கள், கீறல் விழுந்தவை, அளவு தவறியவை என்று ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். முக்கால் மணி நேரம் கடையில் வியாபாரமே நடக்கவில்லை. எஃகு வெட்டுப்பட்டது, ஆனால் கத்தரிக்கு வியர்த்துவிட்டது. டைட்டானியத்தில் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான்.

“இதுக்கு வைரத்தூள் பூசின சக்கரம் வேணும், கரண்டுல ஓடுறது” என்றாள் கடைக்காரம்மா. டங்ஸ்டனில் சக்கரம் வழுக்கியது. “இத வெட்டவே முடியாது. பூட்டு குறடு வச்சு ஒவ்வொரு சுத்தா இறுக்கினா, கண்ணாடி மாதிரி உடையும்.”

லிஃப்ட்காரர் தன் பையிலிருந்தே ஒரு பூட்டு குறடு எடுத்து இறுக்கினார். படாரென்று ஒரு சத்தம். துண்டு மேசைக்கு அடியில் போய் விழுந்தது. மூன்று பேரும் கண்ணை மூடித் திறந்தார்கள்.

“இந்த ரகத்த வாங்குறவங்கள்ட்ட நான் இத சொல்றதே இல்லயே” என்றாள் கடைக்காரம்மா, தனக்குள் பேசுவதுபோல. “இனிமே சொல்லணும்.”

கடைசியில் கத்தரிக்கு அமைந்தது வெள்ளியில் ஒரு சாதாரண வளையம். கல் இல்லை, பூ வேலை இல்லை. விளிம்புகள் மட்டும் உள்பக்கம் உருட்டிவிட்டிருந்ததால் விரலில் இருப்பதே தெரியவில்லை. தங்க மோதிரத்துக்கு அக்கா சொன்ன விலையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அவருக்கு இரண்டு. வேலைக்குச் சாம்பல் நிற சிலிக்கோன், எதிலாவது மாட்டினால் விரலை இழுக்காமல் தானே அறுந்துவிடும். வீட்டுக்கு மரம், கருங்காப்பி நிறத்தில், உள்ளே மெல்லிய வெள்ளித் தகடு.

“மரத்துக்குத் தண்ணி ஆகாது” என்று கடைக்காரம்மா வரிசையாகச் சொன்னாள். “குளிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது கழட்டிடணும். மாசம் ஒரு தடவை தேன்மெழுகு தொட்டுத் துணியால தேய்க்கணும். வெள்ளி கறுக்கும், பயப்படாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு, மெத்துனு ஒரு பிரஷ். பிளீச் மட்டும் பட்டுடக் கூடாது. போடாதப்ப காத்துப் புகாத கவர்ல வைங்க.”

லிஃப்ட்காரர் ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கத்தரி எழுதவில்லை. இதெல்லாம் எழுதிவைக்கிற விஷயமா என்று அவளுக்கு இருந்தது.

நிச்சயதார்த்தம் அக்கா குடியிருந்த அடுக்குமாடியின் பொதுக்கூடத்தில், கீழ்த்தளத்தில். நாற்பது பேர். இரும்பு மடக்கு நாற்காலிகளை அக்காவே நின்று விரித்துப் போட்டாள். வேறு யார் போட்டாலும் வரிசை கோணும் என்பது அவள் எண்ணம். மோதிரம் மாற்றும் நேரம் வந்தது. அக்கா வலது கையில் மோதிரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இடது கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது.

கத்தரி பெட்டியைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பதினோரு வருடமாக ஆயிரம் பேரிடம் பார்த்த முகம் அது.

“கையக் காட்டு.”

“ஒண்ணுமில்லடி. முதல்ல மோதிரத்தப் போடு.”

“அக்கா, கையக் காட்டு.”

நாற்காலி மடிப்பில் விரல் நசுங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மோதிரம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் தெரிந்தது. அதற்கு மேலே விரல் கத்தரிக்காய் நிறத்தில் புடைத்து நின்றது. நுனியைத் தொட்டால் சில்லென்றிருந்தது. தங்கையின் நாளைக் கெடுத்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கத்தரி அவள் கையைத் தூக்கிப் பிடிக்க வைத்தாள். குளிர்ந்த நீர் வந்தது, சோப்பு வந்தது. அக்காவின் தையல் நூலே வந்தது. நசுங்கிய விரலை நெருக்கிச் சுற்ற முடிந்தால்தானே. கருவி மூன்றாம் மாடி வீட்டில், கைப்பையில் இருந்தது. லிஃப்ட்காரர் புதுச் சட்டையோடு ஓடினார். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் அன்றைக்குப் பார்த்துப் பழுது. வேறு கம்பெனி பராமரிப்பது என்று பிற்பாடு பலமுறை சொல்லிக்கொண்டார். மூச்சிரைக்கப் படியேறி, அவள் கைப்பையோடு அங்கே வைத்திருந்த தன் கருவிப் பையையும் கொண்டுவந்தார்.

“வெட்டாதடி” என்றாள் அக்கா. “பத்தொம்பது வருஷம்.”

மற்றவர்களிடம் சொல்வதற்கென்று கத்தரியிடம் சில வார்த்தைகள் இருந்தன. தினமும் சொல்லித் தேய்ந்தவை. அன்றைக்கு அவற்றில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.  கருவியின் சாவியை வெறுமனே ஒருமுறை திருகிப் பார்த்தாள். அத்தான் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, “நான்தானே போட்டுவிட்டேன். நான் சொல்றேன், வெட்டட்டும்” என்றார். அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

தகடு நுழைந்தபோது அக்கா தங்கையின் முழங்கையைப் பிடித்து அழுத்திய அழுத்தில் அங்கே ஒரு வாரம் தடம் இருந்தது. ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை, மூன்று நிமிடம் ஆயிற்று. தங்கம் அறுந்ததும், லிஃப்ட்காரர் கருவிப் பையிலிருந்து இரண்டு குறடுகளை எடுத்தார். ஒன்று அவள் கையில், ஒன்று அவர் கையில். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, “மெதுவா… இப்ப… கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே வளையத்தை விரித்தார்கள். மோதிரம் கழன்று வந்தது. விரலில் ரத்தம் ஓடிச் சிவக்கிறவரை கத்தரி அதன் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு முறியவில்லை என்று மடக்கி நீட்டிப் பார்த்த பிறகுதான் கத்தரிக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் நாளைக் காலை எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அக்கா கொஞ்சம் அழுதாள். அப்புறம் தன் கையைப் பார்த்து, சுற்றி நின்ற நாற்பது பேரைப் பார்த்து, “இப்ப எல்லாரும் எதுக்கு என் கையப் பாக்குறீங்க? மோதிரம் மாத்த வேண்டியது அங்க” என்றாள். சிரிப்பு கூடத்தின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை போயிற்று. சோப்புத் தண்ணீர் தெறித்த புடவையோடும் வியர்வையில் ஒட்டிக்கொண்ட சட்டையோடும் வெள்ளியும் மரமும் கை மாறின. தலைக்குனிவு பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. வந்தவர்களில் மூன்று பேர் போவதற்கு முன்னால் தங்கள் மோதிரங்களைக் கழற்ற முயன்று பார்த்தார்கள் என்பது மட்டும் உண்மை.

வீக்கம் முழுசாக வடிய ஐந்து வாரம் ஆயிற்று. அதன் பிறகு கத்தரி அக்காவைக் கடைக்காரம்மாவிடம் கூட்டிப்போனாள். வளையத்தை ஒட்டினால் மட்டும் போதாது, விரல் தடித்துவிட்டது, நடுவே துண்டு வைத்துப் பெரிதாக்க வேண்டும் என்று கடைக்காரம்மா சொன்னாள். எவ்வளவு நீளம் என்று பார்க்க, கைக்குக் கிடைத்த ஒரு வெள்ளித் துண்டை இடைவெளியில் பொருத்தினாள்.

“அளவு சரியாயிருச்சு. இதே அளவுல தங்கம் வெட்டி ஒட்டிடலாம். அடுத்த வாரம் வாங்க.”

அக்கா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தையல்காரக் கண். மஞ்சளுக்கு நடுவே அந்த வெள்ளைப் பட்டை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று நகத்தால் தடவினாள்.

“இது இப்படியே இருந்தா என்ன?”

“தாராளமா இருக்கலாம். எதுலயும் மோதாம கவனமா இருக்கணும், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒருவாட்டி ஒட்டு நல்லா இருக்கான்னு கொண்டாந்து காட்டுங்க.”

“ஒட்டுப் போட்டது தெரியும்க்கா” என்றாள் கத்தரி.

“தெரியட்டும். ஒட்டுப் போட்டா நல்லா தெரியிற மாதிரி போடணும். அரைகுறையா மறைச்சாத்தான் அசிங்கம்.” இதைச் சீருடைகளை வைத்துச் சொன்னாளா வேறு எதையாவது நினைத்துச் சொன்னாளா என்று தெரியவில்லை. அன்று முதல் தூங்கப் போகும்போது கழற்றிவைக்கவும் பழகிக்கொண்டாள். துணி வெட்டும் மேசையில் அந்தக் கையை நீட்டி வைத்துக்கொண்டு, அளவு கொடுக்க வருகிறவர்கள் என்ன இது என்று கேட்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பாள். கேட்காவிட்டால் அவளே ஆரம்பித்துவிடுவாள்.

கல்யாணம் முடிந்து இப்போது இரண்டு வருடம் ஆகிறது. லிஃப்ட்காரர் லிஃப்டுக்குள் ஒட்டுகிற பராமரிப்பு அட்டையைப் போலவே ஒன்றை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறார். மர மோதிரத்துக்கு மெழுகு தேய்த்த தேதி, கீறல் உண்டா இல்லையா, கையெழுத்து. சிலிக்கோன் மோதிரம் ஒருமுறை கதவுச் சட்டத்தில் சிக்கி அறுந்தது. அதையும் நல்ல சேதியாகத்தான் எழுதியிருக்கிறார்: ‘மோதிரம் போயிற்று. விரல் நலம்.’ மாற்று மோதிரம் அவர் அளவுக்குப் பச்சை நிறத்தில்தான் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு கூச்சமே இல்லாமல் திரிகிறார்.

அந்த அட்டையில் கத்தரியின் பெயருக்கு நேரே எட்டு மாதம் வெற்றிடமாக இருந்தது. அடுத்தவர் மோதிரத்துக்கு அத்தனை பார்ப்பவள், தன்னுடையதை வேலை நேரத்தில் கழற்றிச் சீருடைப் பையில் போடுவாள், மறந்துவிடுவாள். ஒருமுறை அது சீருடையோடு மருத்துவமனைச் சலவைக்கே போய்விட்டது. சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் இரண்டு நாள் கழித்து அதை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். கரிப்பிடித்த பாத்திரம்போலக் கறுத்து, முட்டை வடிவத்தில் நெளிந்திருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்ட அவளுக்கு முகமில்லை. நேரே தபால் நிலையத்துக்குப் பின்னால் போனாள்.

கடைக்காரம்மா அதை வாங்கிக்கொண்டாள். உருளைக் கம்பியில் மாட்டி, தோல் சுத்தியலால் நாலு தட்டு. வட்டம் வந்துவிட்டது. பிறகு பாலிஷ் துணியை அவள் கையிலேயே கொடுத்தாள். “நீங்களே தேய்ங்க. அப்பத்தான் புத்தி வரும்.”

கத்தரி முக்காலியில் உட்கார்ந்து தேய்த்தாள். துணி கறுத்துக்கொண்டே வந்தது, வெள்ளி வெளுத்துக்கொண்டே வந்தது. கீறல்கள் நிறைய. அவை போகாது என்று கடைக்காரம்மா சொன்னாள். போகவேண்டாம் என்றாள் இவள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் மோதிரத்தை வாங்கி, லிஃப்டுக் கம்பியைச் சோதிக்கிற அதே முகத்தோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“எங்க வேலையில இதுக்கு ஒரு வார்த்தை இருக்கு.”

“என்ன வார்த்தை?”

“தேய்மானம் வரம்புக்குள்ள இருக்கு. தொடர்ந்து உபயோகிக்கலாம்.”

அவள் கையை நீட்டினாள். அவர் மோதிரத்தைப் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறக்கப் போனார். அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். தன் வரியைத் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னாள்.